எடுக்கக் கூடாத போன்

தெற்கு ஆஸ்திரேலியாவில் கருல்டா என்ற ஊரின் ரயில்வே தெருவில் முதல் டெலிபோன் ஐல்சா பெங்கெல்லி வீட்டுக்குத்தான் வந்தது. ஆசைப்பட்டு வாங்கியதல்ல. அவள் புருஷன் கிளெமுக்கு இதயம் சரியில்லை, வீட்டில் போன் இருந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனு எழுதிப் போட்டு, இணைப்புக்குப் பணமும் கட்டி, ஒரு வருஷத்துக்கு மேல் காத்துக் கிடந்தார்கள். போன்காரன் ஏணியும் கம்பிச் சுருளுமாக வாசலில் வந்து நின்றபோது கிளெமை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“யாருக்காகக் கேட்டோமோ அந்த ஆளே போய்ட்டாரு. எடுத்துட்டுப் போப்பா,” என்றாள் ஐல்சா.

“எடுத்துட்டுப் போறதுல எனக்கு ஒண்ணும் இல்ல மிசஸ் பெங்கெல்லி. ஆனா கட்டின பணம் திரும்பி வராது,” என்றான் அவன்.

கருல்டாக்காரர்களிடம் இதைச் சொன்னால் போதும். செப்புச் சுரங்கம் தோண்ட வந்து, செப்பு தீர்ந்ததும் கோதுமையில் இறங்கியவர்களின் வம்சம். கொடுத்த காசு திரும்பாது என்றால் வெந்நீரையும் குடித்து வைப்பார்கள். ஐல்சா கதவை அகலத் திறந்துவிட்டாள். சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவே இருக்கும் இருண்ட நடையில், குளிர்காலத்தில் பல் கிட்டிப்போகும் இடத்தில், அந்தக் கறுப்புக் கருவி வந்து உட்கார்ந்தது.

அந்த வருஷமே அதற்கு ஒரு வேலையும் வந்து சேர்ந்தது. ஒரே மகள் கிளெனிஸ், ரெக்ஸ் என்ற வெல்டரைக் கட்டிக்கொண்டு பெர்த்துக்குப் போனாள். ரயிலில் ஏறினால் இரண்டு ராத்திரி. இடையில் பாலைவனம்தான், வேறு எதுவும் இல்லை. ரயிலடியில் அம்மாவும் மகளும் அழுது முடித்த பிறகு பேசிக்கொண்டது போன் கட்டணத்தைப் பற்றித்தான்.

“ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஏழு மணிக்கு, உன் கணக்கு ஏழு, பெர்த் கணக்கு அஞ்சரை, நான் அடிக்கிறேன்மா. மூணு ரிங் விட்டுட்டு வெச்சுடுவேன். நீ எடுக்காத. மூணு ரிங்னா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம்.”

“நாலாவது அடிச்சா?”

“அடிக்காதும்மா. அடிச்சா எடு.”

இப்போது இதற்கு மிஸ்டு கால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பெயரெல்லாம் கிடையாது, ஊரில் பாதிப் பேர் செய்ததுதான். எடுக்காத அழைப்புக்குக் காசில்லை. எடுத்துவிட்டாலோ, முதலில் காதில் ‘பிப் பிப் பிப்’ என்று ஓடும். எஸ்.டி.டி. வந்திருக்கிறது, பணம் பறக்கிறது, சீக்கிரம் பேசித் தொலை என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டதும் நிதானமான மனுஷர்களும் கத்த ஆரம்பிப்பார்கள். தூரம் அதிகமானால் தொண்டையும் அதிகம் வேண்டும் என்று ஒரு நினைப்பு.

ஏழு வருஷம் ஐல்சா அந்த மூன்று ரிங்கைக் கேட்டாள். ஞாயிறு ஏழு மணிக்கு நடையில் போய் நிற்பாள். முதல் ரிங்கில் கை தானாக ஏப்ரனைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது முடிந்து நிசப்தம் வந்ததும், “சரி கண்ணு, போய்ட்டு வா,” என்று கருவியிடம் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போவாள். ஏழு வருஷத்தில் மகளோடு போனில் பேசியது இரண்டே தடவை. ஒன்று கிளெனிஸின் மாமியார் செத்ததற்கு, இன்னொன்று தவறிப்போய்.

இந்த மூன்று ரிங்குக்காக அவள் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போன் வாடகைச் சீட்டு வரும். பேசினாலும் வாடகை, பேசாவிட்டாலும் வாடகை. விதவைப் பென்ஷனில் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, மெதடிஸ்ட் கோயில் ஹாலைப் பெருக்கித் துடைத்து அதைக் கட்டினாள். குளியலறைக் கூரை ஓடு ஒழுகிய இடத்தில் வாளிதான் வைத்திருந்தாள். அந்த வாளியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம், போன் இருக்கும் பக்கம் திரும்பி ஒரு முறை முறைப்பாள்.

பணம் போனால் போகிறது என்றுகூட வைத்துக்கொள்ளலாம். தெருவே அவள் வீட்டு நடைக்குக் குடிவந்துவிட்டதுதான் அவளை ஓய்த்துப் போட்டது. ஒருத்திக்கு அடிலெய்டில் இருக்கும் அக்காளின் பித்தப்பையைப் பற்றி விசாரிக்க வேண்டும். ஒருவனுக்கு ஆட்டுத் தீவனம் சொல்லவேண்டும். எதிர்வீட்டு மெர்வ் டிரெஜென்சாவுக்குச் சனிக்கிழமை தோறும் குதிரைமேல் பணம் கட்டவேண்டும். யாரிடம், எந்த எண்ணில் என்று ஐல்சா கேட்டதில்லை. சட்டத்துக்குப் புறம்பான சூதாட்டம், கேட்டால் அவளும் குற்றவாளி. போன் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தாள், பேசுகிறவர்கள் காசு போடுவதற்கு. மாதக் கடைசியில் கவிழ்த்தால் காசோடு சட்டைப் பொத்தான்களும் விழும்.

“எல்லாம் ஒரே சைஸ் பொத்தானா இருக்கு மெர்வ். உன் சட்டையக் கொஞ்சம் காட்டு பாப்போம்,” என்பாள்.

“என் சட்டையில பொத்தானே இல்லையே ஐல்சா, நீயே பாரு,” என்று அவன் வெட்கமில்லாமல் நெஞ்சைத் திறந்து காட்டுவான்.

இதைக்கூடச் சிரித்துக்கொண்டு போய்விடலாம். சேதி சொல்லப் போவதுதான் கொடுமை. தெருவில் யாருக்கு எந்தக் கெட்ட செய்தி வந்தாலும் முதலில் அவள் காதில்தான் விழும். பிறகு ஏப்ரனோடு தெருவில் இறங்கி அந்த வீட்டு கேட்டைத் திறக்கவேண்டும். நல்ல செய்திக்கு ஜனங்கள் கடிதம் போட்டார்கள், சாவுக்குத்தான் போன் போட்டார்கள். வருஷம் போகப் போக, ஐல்சா நடந்து வருவதைப் பார்த்தாலே பெண்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தடவை பக்கத்துத் தெருவுக்கு முட்டை வாங்கப் போனவளைப் பார்த்து ஒரு கிழவர், “யாரு? எங்க தம்பியா?” என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் முட்டை வாங்காமலே திரும்பி வந்தாள். அன்று சாயங்காலம் முழுக்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது. யார்மேல் என்று தெரியாத எரிச்சல்.

எழுபத்தொன்பதாம் வருஷம் வாடகையை இன்னும் ஏற்றினார்கள். அதே வாரம் ஓட்டைப் பார்க்க வந்த ஆள், வாளி இனிமேல் தாங்காது, கூரைக்கட்டையே இற்றுவிட்டது என்றான். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. போன் அல்லது கூரை. ஐல்சா ஒரு நாள் யோசித்தாள், அவ்வளவுதான். அதற்கு மேல் யோசிக்கவும் அலுப்பாக இருந்தது. போனை எடுத்துவிடச் சொல்லி எழுதிவிடுவது என்று முடிவுசெய்தாள்.

மெர்வ் கேள்விப்பட்டு ஓடிவந்தான். “போன எடுக்கறியா? அப்ப நான் எங்க போறது?”

“முக்குல பொதுபோன் இருக்குல்ல.”

“அது பொத்தான வாங்காதே ஐல்சா!”

“அதான் சந்தோஷம்.”

“உம் பொண்ணு? அவ ஞாயித்துக்கிழம ரிங்கு?”

கடிதம் போட்டுச் சொல்லலாம். கிளெனிஸும் கடிதம் எழுதுவாள், வெயில் எப்படி, காற்று எப்படி என்று இரண்டு பக்கம். ஆனால் ஏழு வருஷம் வாடகை கட்டியவளுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை, எல்லாம் முடிகிற சமயத்தில், மகள் குரலைக் கேட்டுவிட வேண்டும். வரும் ஞாயிறு இரண்டாவது ரிங்கில் எடுத்துவிடுவது. காசு கிளெனிஸ் தலையில்தான் விழும், அதனால் ஒரு நிமிஷத்துக்குள் முடித்துவிட வேண்டும். என்ன சொல்வது என்று பாத்திரம் கழுவும்போது பழகிப் பார்த்தாள். ‘அம்மாதான். பயப்படாத. எல்லாரும் நல்லா இருக்கோம். போன எடுத்துடப் போறேன். இனிமே லெட்டர்தான்.’ சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டு நாலைந்து தடவை சொன்னாள். ‘எல்லாரும்’ என்று சொல்ல வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லையே என்று தோன்றி, அந்த வார்த்தையை எடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கறி அடைத்த பேஸ்டிகளை அடுப்பில் வைத்துவிட்டு நடைக்கு வந்தாள். ஈஸ்டருக்குப் பிறகு கிளெனிஸ் ஒரு நிமிஷம் முன்பின் இல்லாமல் அடிக்கிறாள். முன்பெல்லாம் ஏழேகால் ஆகும், ஏழரை ஆகும், அம்மாவின் உயிர் தொண்டைக்கு வந்து போகும். பெண்ணுக்கு இப்போதுதான் பொறுப்பு வந்திருக்கிறது என்று ஐல்சா இந்த ஆறு மாதமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழு மணிக்கு டாணென்று அடித்தது. ஒன்று. இரண்டு. எடுத்தாள்.

பிப் பிப் பிப் என்று ஓடியது. பிறகு யாரோ மூச்சை இழுத்துக்கொள்ளும் சத்தம்.

“கிளெனிஸ்? அம்மாதான். பயப்படாத.”

“ஐயோ!” என்றது ஒரு குரல். வயசான பொம்பளைக் குரல், இங்கிலீஷை எங்கோ தூர தேசத்திலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்த குரல். “ஐயோ, நீங்க எடுக்கக் கூடாதே! எடுக்க மாட்டீங்கன்னுதானே அவ சொன்னா!”

“யாரு பேசறது? கிளெனிஸ் எங்க?”

“நான் கிளெனிஸ் இல்ல. மன்னிச்சுடுங்க. நான் வெச்சுடறேன்.”

“வெச்சீங்கன்னா பாருங்க!” ஐல்சாவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “எம் பொண்ணுக்கு என்ன? உயிரோட இருக்காளா?”

“இருக்கா, இருக்கா! சாமி சத்தியமா இருக்கா. வேலைக்குப் போயிருக்கா. நான் மிசஸ் சுவேலா. எங்க வீட்டுப் பின்கட்டுலதான் இருக்கா.”

“பின்கட்டுலயா? அவங்க வீடு?”

மறுமுனையில் ஒரு நாய் குரைத்தது. பிறகு அந்தம்மாள், வேறு வழியில்லாமல், துண்டு துண்டாகச் சொன்னாள். ரெக்ஸ் போய்விட்டான், ஈஸ்டருக்கு முன்னால், காரையும் எடுத்துக்கொண்டு. வாடகை பாக்கி, போன் பாக்கி. போனைத் துண்டித்துவிட்டார்கள். கிளெனிஸ் ஒரு பெட்டியோடு வந்து, மிசஸ் சுவேலாவின் காலிஃபிளவர் தோட்டத்துப் பின்கட்டைக் கேட்டாள். இப்போது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற இடத்தில் வேலை. ஞாயிறு என்றால் இரட்டைக் கூலி, அதனால் ஞாயிறு விடமாட்டாள்.

“எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. ‘ஞாயித்துக்கிழம அஞ்சரைக்கு இந்த நம்பருக்கு மூணு ரிங் விட்டு வெச்சுடுங்க. எங்கம்மா எடுக்க மாட்டாங்க. உங்களுக்குக் காசு ஆகாது’ன்னா. நான் கடிகாரத்தப் பாத்துத்தான் அடிக்கிறேன். ஒரு வாரம் கூடத் தவறினதில்ல.”

ஆறு மாதமாக ஐல்சா, ‘சரி கண்ணு, போய்ட்டு வா’ என்று சொன்னதெல்லாம் இந்த அம்மாளுக்கு. பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்ததெல்லாம் இவள் கடிகாரம். யார் அடித்தாலும் மணி ஒரே மாதிரிதான் அடிக்கும், அதற்கு முகமா இருக்கிறது? அவளுக்குக் கோபம் வந்தது. மகள்மேல், ரெக்ஸ்மேல், எல்லாவற்றையும்விட அந்த மூன்று ரிங்கின்மேல். ஏழு வருஷம் கூரையை ஒழுகவிட்டு வாங்கின சேதி, அது பொய் சொல்லும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லையே.

“உங்க காசு போகுது. நம்பரச் சொல்லுங்க, நான் கூப்பிடறேன்.”

டின் பக்கத்தில் நூலில் கட்டியிருந்த பென்சிலால் சுவர்த்தாளின் பூவின்மேலேயே எழுதிக்கொண்டாள். தெருக்காரர்கள் யாரையும் அந்தச் சுவரைத் தொடவிட்டதில்லை. வைத்துவிட்டு, தானே சுழற்றினாள். பெர்த்துக்கு அவள் தன் காசில் சுழற்றியது அதுதான் முதல் தடவை.

“எப்ப வருவா?”

“பஸ்ஸப் பொறுத்தது. ஞாயித்துக்கிழம பஸ்ஸு தெரியுமே. வந்ததும் உங்களக் கூப்பிடச் சொல்றேன்.”

“கூப்பிட மாட்டா. அவள எனக்குத் தெரியும். மூணு ரிங் விட்டு வெச்சுடுவா, அப்புறம் வெயில் நல்லா அடிக்குதுன்னு ரெண்டு பக்கம் எழுதுவா. நீங்க ரிசீவர மேசமேல வெச்சுட்டு உங்க வேலையப் பாருங்க. நான் இப்படியே இருக்கேன்.”

“இப்படியேன்னா?”

“அவ வர்ற வரைக்கும்.”

“எஸ்.டி.டி.ங்க!” மிசஸ் சுவேலாவின் குரலில் பயமே வந்துவிட்டது. “காசு சும்மா ஓடுமுங்க! உங்களுக்குக் கூரை போட்ட காசு ஆயிடுமுங்க!”

கூரை என்று அவள் சொன்னது தற்செயல்தான். “ஆனா ஆகட்டும். மேசமேல வைங்க,” என்றாள் ஐல்சா.

ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு எங்கோ ஒரு சமையலறை கேட்டது. தண்ணீர்க் குழாய். வெங்காயம் வதங்கும் சத்தம். மிசஸ் சுவேலா தன் பாஷையில் நாயைத் திட்டுவது. அந்த வீட்டின் சுவர்க் கடிகாரம், அதே கடிகாரமாகத்தான் இருக்கவேண்டும். ஐல்சா சுவரில் சாய்ந்துகொண்டு காதை எடுக்காமல் கேட்டாள். கால் கடுத்தது. நடையில் குளிர் ஏறியது. பெர்த்தில் இன்னும் வெளிச்சம் இருக்கும், அங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால், கிளெனிஸ் இன்னும் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு மெர்வ் வந்தான். ஞாயிறு கட்டணம் குறைவு என்று தம்பியிடம் பேச வருவது வழக்கம்.

“யாரு லைன்ல?”

“யாரும் இல்ல.”

“அப்ப குடு.”

“எஸ்.டி.டி. போய்ட்டிருக்கு.”

“யாரும் இல்லாத எஸ்.டி.டி.யா?” மெர்வ் அவள் முகத்தைப் பார்த்தான். வாயில் வந்த பகடியை விழுங்கிக்கொண்டான். “எங்கே?”

“பெர்த்து.”

“பெர்த்தா! ஐல்சா, உனக்கு மூளை கலங்கிடுச்சா? குதிரமேல போட்டாக்கூட ஒண்ணு ரெண்டு திரும்பி வரும்!”

“மெர்வ், அடுப்புல பேஸ்டி கருகுது. எடுத்து வை. ஒண்ணத் தின்னு. சத்தம் போடாம தின்னு.”

அவன் போய் எடுத்துவைத்தான். சத்தம் போடாமல்தான் தின்றான். கிளம்பவும் இல்லை. சமையலறை நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவனாக உட்கார்ந்திருந்தான். நடுநடுவே மிசஸ் சுவேலா ரிசீவரை எடுத்து, “இன்னும் வரல. வெச்சுடுங்க அம்மா, கெஞ்சிக் கேக்கறேன்,” என்பாள். “வைக்க மாட்டேன்,” என்பாள் ஐல்சா. மூன்றாவது தடவை அந்தம்மாள் வாதாடவில்லை. “காதுக்கு வலி இல்லையே?” என்று மட்டும் கேட்டாள்.

“வலிக்குது. பரவால்ல.”

மெர்வ் தூங்கி வழிய ஆரம்பித்த நேரத்தில், தூரத்தில் ஒரு கேட் கிரீச்சிட்டது. நாய் வேறு மாதிரி குரைத்தது, தெரிந்தவர்களைப் பார்த்துக் குரைப்பது. செருப்புச் சத்தம். “என்ன மிசஸ் சுவேலா, ரிசீவர் வெளிய கிடக்கு?” என்று ஒரு களைத்த குரல் கேட்டது. அந்தம்மாள் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். பிறகு ரிசீவர் மேசையில் உரசியது.

“அம்மா?”

“ம்.”

“எவ்ளோ நேரமாம்மா... ஐயோ, எஸ்.டி.டி.ம்மா! நீயா கூப்பிட்டே? வை, முதல்ல வை! நான் நாளைக்கு லெட்டர் போடறேன். எல்லாம் சரியாயிடும்மா, நான் நல்லா...”

“அத சொல்லாத,” என்றாள் ஐல்சா. “அத ஏழு வருஷமா மூணு மூணு ரிங்கா கேட்டாச்சு. அலுத்துப் போச்சு கிளெனிஸ். காசு ஓடினா ஓடட்டும். எப்படி இருக்கே, அதச் சொல்லு.”

இரண்டு பேரில் யாரும் வைக்கவில்லை.

“நல்லா இல்லம்மா,” என்றாள் கிளெனிஸ்.

“சொல்லு,” என்றாள் ஐல்சா.